ஆம்பியர் சரி, கிலோ ஆம்பியர் எவ்வளவு?

சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: லோடு 40 ஆம்பியர்தான், பிரேக்கர் 63 ஆம்பியர், அப்படியும் ஷார்ட் ஆனபோது பிரேக்கர் டிரிப் ஆகாமல் வெடித்தது ஏன் என்று. அந்தப் பிரேக்கரால் அறுக்க முடிந்த ஷார்ட் கரண்ட் 10 கிலோ ஆம்பியர் (10,000 ஆம்பியர்), அது உட்கார்ந்திருந்த இடத்தில் வரக்கூடியது 20க்கும் மேல், அதனால்தான் என்று நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். நாலு வரி போதவில்லை என்று வந்து குவிந்த கேள்விகளைப் பார்த்தால் தெரிகிறது. இந்த முறை பக்கம் முழுக்க அதே விஷயம்தான்.

கேள்வி: எங்கள் கட்டடத்தில் 500 கேவிஏ டிரான்ஸ்பார்மரை எடுத்துவிட்டு 1000 கேவிஏ வைக்கப் போகிறார்கள். இப்போதைக்கு லோடு கூடவில்லை, பின்னால் தேவைப்படலாம் என்பதற்காக. மெயின் பேனலில் உள்ள பிரேக்கர்கள் எல்லாம் 25 கிலோ ஆம்பியர். "லோடு அதேதானே, பேனலைத் தொட வேண்டாம்" என்கிறார் எலக்ட்ரீஷியன். சரியா சார்?

பதில்: லோடு வரைக்கும் அவர் சொல்வது சரி. ஆனால் ஷார்ட்டுக்கும் லோடுக்கும் சம்பந்தமே இல்லை. ஷார்ட் ஆன நொடியில் கரண்டுக்குக் குறுக்கே நிற்பவை இரண்டுதான்: டிரான்ஸ்பார்மரின் சொந்த இம்பீடன்ஸ் (கரண்டைத் தடுக்கும் அளவு), அங்கிருந்து ஷார்ட் ஆன இடம் வரைக்குமான கேபிள். டிரான்ஸ்பார்மரை மாற்றினால் முதலாவது மாறிவிடுகிறது.

டிரான்ஸ்பார்மர் நேம் பிளேட்டில் சதவீத இம்பீடன்ஸ் என்று ஒரு எண் அடித்திருப்பார்கள். 4, 5, 6 என்று ஏதாவது இருக்கும். பலர் அதைப் படிக்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் இந்த விஷயத்தில் கேவிஏவுக்கு அடுத்து அதுதான் முக்கியமான எண். அது எப்படி வந்தது தெரியுமா? தொழிற்சாலையில் செகண்டரியை ஒன்றாகக் கட்டி ஷார்ட் செய்துவிட்டு, பிரைமரியில் வோல்டேஜைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுவார்கள். செகண்டரியில் முழு லோடு கரண்ட் ஓடத் தொடங்கும்போது நிறுத்தி, எவ்வளவு வோல்டேஜ் கொடுத்தோம் என்று பார்ப்பார்கள். வழக்கமான வோல்டேஜில் 5 சதவீதம் என்றால் இம்பீடன்ஸ் 5 சதவீதம். சரி, 5 சதவீத வோல்டேஜுக்கே முழு லோடு கரண்ட் ஓடுகிறது என்றால் 100 சதவீத வோல்டேஜில் அதைப் போல 20 மடங்கு ஓடும். கணக்கு இவ்வளவுதான்.

உங்கள் பழைய 500 கேவிஏ, 415 வோல்டில் முழு லோடு 696 ஆம்பியர். இம்பீடன்ஸ் 4 சதவீதம் என்று வைத்தால் 25 மடங்கு, அதாவது சுமார் 17.4 கிலோ ஆம்பியர். உங்கள் 25 கிலோ ஆம்பியர் பிரேக்கர்களுக்கு அது போதும். புதிய 1000 கேவிஏ முழு லோடு 1391 ஆம்பியர், 5 சதவீதம் என்றால் 27.8 கிலோ ஆம்பியர். போச்சு. இன்னொன்று, ஆர்டர் கொடுக்கும்போது 5 என்று எழுதினாலும் செய்து வருவதில் பத்தில் ஒரு பங்கு கூடக்குறைய இருக்கத் தரவிதிகள் இடம் கொடுக்கின்றன. 4.5 சதவீதமாக வந்தால் கிட்டத்தட்ட 31 கிலோ ஆம்பியர். டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கியதும் டெஸ்டில் அளந்த எண்ணைப் பார்த்து மறுபடி கணக்குப் போடுங்கள்.

இது வெளியிலிருந்து வரும் உயர் அழுத்த சப்ளை எவ்வளவு கேட்டாலும் கொடுக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவை நம்பி பிரேக்கர் வாங்காதீர்கள். வெளியே நெட்வொர்க்கைப் பலப்படுத்தினால் உங்களுக்குச் சொல்லாமலே அது காணாமல் போய்விடும். தவிர, கட்டடத்தில் மோட்டார்கள் நிறைய இருந்தால் ஷார்ட் ஆன முதல் ஓரிரண்டு சைக்கிளுக்கு அவையும் ஜெனரேட்டர் மாதிரி திருப்பிக் கொடுக்கும், தங்கள் முழு லோடு கரண்டைப் போல 4 முதல் 6 மடங்கு வரை. மொத்தம் 200 கிலோவாட் மோட்டார் ஓடுகிறது என்றால் ஒன்றரை, இரண்டு கிலோ ஆம்பியர் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் மின் அமைப்பு விதிகளான என்ஈசியில் 2011 பதிப்பிலிருந்து ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. வீடுகள் தவிர்த்த கட்டடங்களில், சப்ளை உள்ளே நுழையும் பேனலின் மேல், அங்கே வரக்கூடிய அதிகபட்ச ஷார்ட் கரண்ட் எவ்வளவு, எந்தத் தேதியில் கணக்கிட்டது என்று எழுதி ஒட்ட வேண்டும், மாற்றம் செய்தால் திருத்தவும் வேண்டும். விதி இருக்கிறதோ இல்லையோ, நீங்களும் எழுதி ஒட்டுங்கள். பின்னால் வருகிறவர் "லோடு அதேதானே" என்று சொல்வதற்கு முன் ஒரு முறை யோசிப்பார்.

கேள்வி: டிரான்ஸ்பார்மரிலிருந்து பேனலுக்குக் கேபிள் வருகிறதே, அதிலேயே கரண்ட் குறைந்துவிடாதா?

பதில்: குறையும். எவ்வளவு என்பது கேபிளின் நீளத்தையும் தடிமனையும் பொறுத்தது, இதில்தான் ஆளுக்கு ஆள் ஏமாறுகிறார்கள். மேலே சொன்ன 1000 கேவிஏவின் இம்பீடன்ஸ் ஃபேஸுக்கு வெறும் 8.6 மில்லி ஓம். 10 மீட்டர் தூரத்துக்கு 240 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிள் போட்டால் சேர்வது ஒரு மில்லி ஓம்தான், 27.8 என்பது 25 ஆகும். அதே இடத்தில் 2, 3 கேபிள்களை இணையாகப் போட்டிருந்தால், பெரிய பேனலில் அப்படித்தான் போடுவார்கள், கரண்ட் குறைவதே கண்ணுக்குத் தெரியாது. அங்கிருந்து 35 சதுர மில்லிமீட்டர் கேபிள் 30 மீட்டர் போய் ஒரு சின்ன டிபிக்கு (கிளைகளாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போகிறது என்றால் அந்த டிபியில் 12 கிலோ ஆம்பியர்தான் வரும். அதற்கப்பால் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் 10 மீட்டர் போய்விட்டால் ஒரு ஃபேஸ் ஷார்ட்டில் இரண்டு கிலோ ஆம்பியர் அளவுதான். ஆக, தலைவலி எல்லாம் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில், தடித்த கேபிளில் வாழும் முதல் பேனலில்தான். அங்கே போய் மெயின் பேனல் கதவுக்குள்ளேயே ஒரு லைட்டுக்கும் ஃபேனுக்கும் என்று 6 கிலோ ஆம்பியர் எம்சிபியை (வீடுகளில் போடும் சின்னப் பிரேக்கர்) நேராகப் பஸ்பாரிலிருந்து (பேனலுக்குள் கரண்டைச் சுமக்கும் தடித்த உலோகப் பட்டை) எடுத்துக் கட்டிவிடுகிறார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கேள்வி: எம்சிபி மேல் கட்டத்துக்குள் 6000 என்றும், பெரிய பிரேக்கர் மேல் ஐசியூ, ஐசிஎஸ் என்று இரண்டு எண்களும் இருக்கின்றன. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கட்டத்துக்குள் 6000 என்றால் 6000 ஆம்பியர் ஷார்ட் வரைக்கும் அதனால் அறுக்க முடியும் என்று பொருள், வீட்டு எம்சிபிக்கான சர்வதேசத் தரவிதி ஐஈசி 60898 முறைப்படி. 10000 என்றும் கிடைக்கும். பெரிய பிரேக்கருக்கு ஐஈசி 60947-2. அதில் ஐசியூ என்பது உச்ச வரம்பு: அந்தக் கரண்டில் ஒரு முறை திறந்து, மூன்று நிமிடம் விட்டு, மறுபடி ஷார்ட் மேலேயே மூடித் திறந்தாக வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பிரேக்கர் வழக்கமான லோடைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஐசிஎஸ் சோதனையில் இன்னொரு முறை கூடுதலாக மூடித் திறக்க வேண்டும், அதற்குப் பிறகும் தன் முழு லோடைச் சுமக்க வேண்டும். ஐசியூவில் 25, 50, 75 அல்லது 100 சதவீதம் என்று ஐசிஎஸ் இருக்கும். மெயின் பிரேக்கர் ஒன்று போனால் கட்டடமே இருட்டு என்ற இடத்தில் ஐசிஎஸ் நூறு சதவீதம் உள்ளதாக வாங்குங்கள். கீழே கிளை பிரேக்கர்களுக்கு ஐசியூ போதும் என்பேன்.

இந்த எண்ணெல்லாம் எந்த வோல்டேஜில் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே பிரேக்கருக்கு 240 வோல்டில் ஒன்று, 415 வோல்டில் அதைவிடக் குறைவாக ஒன்று எழுதியிருக்கும். கடைக்காரர் பெரிய எண்ணைத்தான் காட்டுவார்.

கேள்வி: எங்கள் பேனலில் 10 கிலோ ஆம்பியர் பிரேக்கர்கள் 30 இருக்கின்றன. இப்போது 22 கிலோ ஆம்பியர் வரும் என்று கணக்கு சொல்கிறது. எல்லாவற்றையும் மாற்றுவதற்குப் பதில், மேலே, சப்ளை வரும் பக்கத்தில், ஒரு ஹெச்ஆர்சி பியூஸ் (பெரிய ஷார்ட்டையும் அறுக்கும் பியூஸ்) செட் வைத்தால் போதும், அது கரண்டைக் கட்டுப்படுத்திவிடும் என்று பேனல் செய்பவர் ஒரு வரைபடம் காட்டினார். செய்யலாமா?

பதில்: இதைக் கேட்டு மட்டும் ஒன்பது பேர் எழுதியிருக்கிறீர்கள், அதனால் நிதானமாகவே பேசலாம்.

பியூஸ் கரண்டைக் கட்டுப்படுத்துவது உண்மை. 50 ஹெர்ட்ஸில் அரை சைக்கிள் 10 மில்லி செகண்ட். பெரிய ஷார்ட்டில் நல்ல ஹெச்ஆர்சி பியூஸ், கரண்ட் தன் உச்சத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே உருகி, உள்ளே இருக்கும் மணலில் ஆர்க்கை (இடைவெளியில் பாயும் மின்தீயை) அணைத்துவிடும். கம்பெனி தரும் வரைபடத்தில் கீழ்க் கோட்டில் 22 எடுத்து, மேலே போய், உங்கள் பியூஸ் கோட்டைத் தொட்டு, குறுக்கே நகர்ந்து, மறுபடி கீழே இறங்கினால் 9 என்று வருகிறது என்று வையுங்கள். "பாருங்கள், 9தான், உங்கள் பிரேக்கர் 10 தாங்கும்" என்பார் அவர். கேட்கும்போது குறை சொல்லவே தோன்றாது.

அந்த வரைபடம், பியூஸுக்குக் கீழே இருக்கும் பொருள் சும்மா இருக்கும் என்று நினைத்துப் போட்டது. பஸ்பார் சும்மா இருக்கும், டெர்மினல் சும்மா இருக்கும். இந்தக் காலத்துப் பிரேக்கர் சும்மா இருக்காது. ஷார்ட் வந்த சில மில்லி செகண்டிலேயே அதன் கான்டாக்ட் காந்த விசையில் பிரியத் தொடங்கிவிடும், நடுவில் ஆர்க் பிடிக்கும். ஆர்க் என்பதும் ஒரு ரெசிஸ்டன்ஸ்தானே, அதனால் மொத்தக் கரண்ட் கொஞ்சம் இறங்குகிறது. கரண்ட் இறங்கியதால் மேலே பியூஸ் உருகத் தாமதமாகிறது. அது வரைக்கும் இந்தச் சின்னப் பிரேக்கர், தன் ஆர்க் சூட் (ஆர்க்கைப் பிரித்து அணைக்கும் தகடுகளின் அடுக்கு) தாங்க முடியாத ஆர்க்கை உள்ளே வைத்துக்கொண்டு எரிகிறது. பியூஸ் காப்பாற்றும் என்று பிரேக்கரை நம்பி விட்டோம், பிரேக்கர் திறந்ததாலேயே பியூஸ் தாமதமாகிறது. கோடு போட்டுப் பார்த்த கணக்கில் இது வரவே வராது.

நான் ஒரு முறை இப்படிப் போன ஒரு பேனலைத் திறந்து பார்த்திருக்கிறேன். மூன்று பியூஸில் இரண்டு போயிருந்தன, கடமையைச் செய்துவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும். கீழே பிரேக்கரின் முன்பக்க முகம் இரண்டு ரிவெட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளே அந்த ஆர்க் சூட் தகடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போயிருந்தன, கதவின் உட்பக்கம் முழுக்கக் கடுகு கடுகாகக் காப்பர் துளிகள். கதவு மூடியிருந்தது, அது நல்ல நேரம்.

அப்போது பியூஸோ பெரிய பிரேக்கரோ மேலே வைத்துக் கீழே உள்ளதைக் காப்பாற்றவே முடியாதா? முடியும், அந்த ஜோடியைச் சோதனைக் கூடத்தில் ஒன்றாக வைத்து ஷார்ட் கொடுத்துப் பார்த்திருந்தால். பிரேக்கர் கம்பெனிகள் இதற்கென்றே அட்டவணை வெளியிடுகின்றன: மேலே இந்த மாடல், கீழே இந்த மாடல், சேர்ந்து இத்தனை கிலோ ஆம்பியர் என்று. அந்த அட்டவணையில் உங்கள் ஜோடி இருந்தால் தைரியமாகச் செய்யுங்கள், இல்லையென்றால் இல்லை. ஒரு கம்பெனி பிரேக்கரையும் இன்னொரு கம்பெனி பிரேக்கரையும் ஜோடி சேர்த்தால் பெரும்பாலும் அட்டவணையில் இருக்காது. உங்கள் 30 பிரேக்கர்களும் பழைய மாடல் என்றால் அதற்கும் அட்டவணை கிடைப்பது கஷ்டம்.

அட்டவணையில் இருந்தாலும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். கீழே ஒன்று கெட்டுப்போய் மாற்றும்போது அதே மாடல்தான் போட வேண்டும், ஆம்பியர் ஒன்றுதானே என்று கையில் கிடைத்ததைப் போட்டால் ஜோடி உடைந்தது, எனவே பேனல் மேல் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். அப்புறம், பெரிய ஷார்ட்டில் மேலே உள்ளதும் சேர்ந்து திறக்கும், ஒரு கிளையில் ஷார்ட் என்றால் 30 கிளையும் இருட்டாகும். தீயணைப்புப் பம்பும் லிஃப்டும் ஓடும் பேனலில் இதை ஏற்க முடியுமா என்று நீங்களே யோசியுங்கள். கடைசியாக மோட்டார். மேலே உள்ள பியூஸுக்கும் கீழே உள்ள பிரேக்கருக்கும் நடுவில் மோட்டார்கள் இருந்தால், ஷார்ட்டின்போது அவை தரும் கரண்ட் பியூஸ் வழியாகப் போகாது, நேராகக் கீழ்ப் பிரேக்கருக்குத்தான் போகும். என்ஈசி விதியில் இதற்கு ஒரு எல்லை உண்டு: அப்படி நடுவில் உள்ள மோட்டார்களின் முழு லோடு கரண்ட் கூட்டுத்தொகை, கீழ்ப் பிரேக்கரின் அறுக்கும் திறனில் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் இந்த ஜோடி வேலைக்கு அனுமதி இல்லை. 10 கிலோ ஆம்பியர் பிரேக்கருக்கு அது 100 ஆம்பியர்தான். இரண்டு நடுத்தர மோட்டார் போதும், தாண்டிவிடும்.

உங்கள் விஷயத்தில் என் கருத்து: 30ஐயும் மாற்றுங்கள்.

கேள்வி: 25 கிலோ ஆம்பியர் பிரேக்கர்களை 50 கிலோ ஆம்பியராக மாற்றிவிட்டோம். இனி பேனலும் 50 கிலோ ஆம்பியர் பேனல்தானே?

பதில்: இல்லை. பேனலில் எது மிகப் பலவீனமோ அதன் எண்தான் பேனலின் எண். பஸ்பார், அதைப் பிடித்திருக்கும் இன்சுலேட்டர், கான்டாக்டர், டெர்மினல் எல்லாம் கணக்கில் வரும். ஷார்ட்டின்போது பக்கத்துப் பக்கத்து பஸ்பார்கள் ஒன்றையொன்று தள்ளும், அந்த விசை கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, இரண்டு மடங்கு கரண்ட் என்றால் நாலு மடங்கு தள்ளல். 28 கிலோ ஆம்பியர் ஷார்ட்டில் முதல் உச்சம் 59 கிலோ ஆம்பியர் வரை போகலாம். 10 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பஸ்பாருக்கு நடுவே அது மீட்டருக்குச் சுமார் 700 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். சப்போர்ட் இன்னும் நெருக்கமாக வேண்டுமா என்று பேனல் செய்தவரிடம் கேளுங்கள், சோதனைச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பிரேக்கர் மேல் ஒட்டிய எண்ணைப் பேனல் மேலும் ஒட்டிவிடாதீர்கள்.

கேள்வி: பிரேக்கரைப் பெரிதாக்குவதற்குப் பதில் கரண்டையே குறைக்க வழி இல்லையா? ரியாக்டர் (கரண்டின் வழியில் வைக்கும் சுருள்) வைக்கலாம் என்கிறார்கள்.

பதில்: வழி உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு விலையும் உண்டு. இம்பீடன்ஸ் அதிகமான டிரான்ஸ்பார்மர் கேட்டு வாங்கலாம், ரியாக்டர் வைக்கலாம், இரண்டிலும் லோடு ஏறும்போது வோல்டேஜ் இறங்கும், பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது லைட் மங்கும். எனக்குப் பிடித்தது வேறு: ஒரு 2000 கேவிஏவுக்குப் பதில் இரண்டு 1000 கேவிஏ, ஆளுக்கு ஒரு பஸ்பார், நடுவில் பஸ் கப்ளர் (இரண்டு பஸ்பாரையும் இணைக்கும் பிரேக்கர்) எப்போதும் திறந்தபடி. ஒவ்வொரு பக்கமும் 27.8 கிலோ ஆம்பியர்தான். ஆனால் இரண்டும் ஓடும்போது யாராவது கப்ளரை மூடிவிட்டால் அந்த நொடியிலேயே 55 கிலோ ஆம்பியரைத் தாண்டிவிடும். அதனால் மூன்று பிரேக்கருக்கு இரண்டே சாவி என்று இன்டர்லாக் போடுவார்கள், எந்த நேரத்திலும் மூன்றையும் ஒன்றாக மூட முடியாது. மூன்றாவதாக ஒரு சாவியை "அவசரத்துக்கு" என்று டூப்ளிகேட் செய்து மேஜை இழுப்பறையில் வைத்திருக்கும் இடங்களும் உண்டு, சொல்லி வைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ரியாக்டர் வைத்து ஷார்ட் கரண்டைக் குறைத்துவிட்டு, பிரேக்கரின் செட்டிங்கைப் பழையபடி விட்டுவிட்டால், குறைந்த கரண்ட் அதன் உடனடி டிரிப் எல்லைக்குக் கீழே வந்து, தாமத டிரிப்புக்குப் போய்விடலாம். கதவைத் திறந்து வேலை செய்பவர் முகத்துக்கு நேரே ஆர்க், கொஞ்சம் சின்னதாக ஆனால் பல மடங்கு நேரம் எரியும். எரிக்கும் சக்தி நேரத்தோடும் பெருகுவதால் முன்பைவிட மோசமாகலாம். கரண்டைக் குறைத்தால் செட்டிங்கையும் மறுபடி பாருங்கள்.

கேள்வி: மெயின் பேனலில் லூப் டெஸ்டர் (ஷார்ட் கரண்ட் எவ்வளவு வரும் என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்தேன், 8 கிலோ ஆம்பியர் காட்டுகிறது. கணக்கில் 23 வருகிறது. மீட்டரைத்தானே நம்ப வேண்டும்?

பதில்: இந்த இடத்தில் கணக்கைத்தான் நம்ப வேண்டும். அந்த இடத்தில் லூப் இம்பீடன்ஸே 10 மில்லி ஓம்தான், உங்கள் டெஸ்டரால் படிக்க முடிந்த மிகச் சின்ன அளவும் அதேதான், 0.01 ஓம். புரோப் முனையில் 20 மில்லி ஓம் கான்டாக்ட் சேர்ந்தால் 0.03 என்று காட்டும், 240 வோல்டை 0.03ஆல் வகுத்தால் 8 கிலோ ஆம்பியர். உங்களுக்கு அதுதான் வந்திருக்கிறது. கடைசி டிபியில், தூரத்து சாக்கெட்டில் அந்த டெஸ்டர் நன்றாக வேலை செய்யும். அங்கேயும் ஒன்று: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்து எடுத்த எண் ஒரு ஃபேஸ் ஷார்ட்டுக்கானது, மூன்று ஃபேஸ் ஷார்ட்டுக்கு அதை இரண்டால் பெருக்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பான பக்கம்.

கேள்வி: ஜெனரேட்டரில் ஓடும்போது ஒரு ஷார்ட் ஆனது, பிரேக்கர் உடனே டிரிப் ஆகவில்லை, கேபிள் கருகிவிட்டது. ஷார்ட் கரண்ட் அதிகமா குறைவா?

பதில்: குறைவு. இத்தனை நேரம் அதிகத்தைப் பற்றிப் பேசினோம், இது எதிர்ப்பக்கம். 250 கேவிஏ ஜெனரேட்டரின் முழு லோடு 348 ஆம்பியர். ஷார்ட் ஆனதும் முதல் சில சைக்கிளில் 3 கிலோ ஆம்பியர் அளவு கொடுக்கும், உடனே சரிந்து, எக்ஸைட்டேஷன் (ஜெனரேட்டரின் காந்தப்புலத்துக்கான கரண்ட்) நன்றாக இருந்தால் முழு லோடைப் போல மூன்று மடங்கில், அதாவது ஓர் ஆயிரம் ஆம்பியரில் நிற்கும். இல்லையென்றால் அதற்கும் கீழே போய்விடும். உங்கள் 250 ஆம்பியர் பிரேக்கரின் காந்த டிரிப்பை (பெரிய கரண்டில் உடனே திறக்க வைப்பது) பத்து மடங்கில், 2500 ஆம்பியரில் வைத்திருந்தால், முதல் சில சைக்கிளில் அது திறக்கத் தவறினால், பிறகு அந்த ஆயிரத்தைப் பார்த்துச் சும்மா இருக்கும், வெப்ப டிரிப் (சூடேறி மெதுவாகத் திறக்க வைப்பது) எழுந்து வரும் வரைக்கும் கேபிள் வேகும். செட்டிங் மாற்றக்கூடிய பிரேக்கர் என்றால் காந்த டிரிப்பை மூன்று மடங்குக்குக் கீழே கொண்டுவந்து, மோட்டார் ஸ்டார்ட்டில் தேவையில்லாமல் டிரிப் ஆகிறதா என்று பாருங்கள். ஆகிறது என்றால், சின்னத் தாமதம் வைக்க முடிகிற எலக்ட்ரானிக் டிரிப் யூனிட் உள்ள பிரேக்கரைத்தான் வாங்க வேண்டியிருக்கும். கருகிய கேபிளை ஒட்டுப் போடாமல் முழு நீளமும் மாற்றிவிடுங்கள்.